பேரிங் வடாம்

குரோம்பேட்டை ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே போனால் அஸ்தினாபுரம். பேரைக் கேட்டதும் சூதாட்டம் ஞாபகம் வருகிறதா? இந்த அஸ்தினாபுரத்திலும் சமீபத்தில் ஒருவர் தோற்றார். பகடையில் அல்ல, பார்சலில்.

எங்கள் தெரு மாமி வீட்டிலேயே ஜவ்வரிசி வடாம் போட்டு விற்கிறார். பையன் அவர் மொபைலில் ஒரு ஆப் இறக்கிக் கொடுத்தான். கூரியர் கம்பெனிகளிடம் மொத்தமாகப் பேரம் பேசி, தள்ளுபடி விலையில் லேபிள் தருகிற ஆப். முன்பணம் கட்டி, எடையைக் குறிப்பிட்டு, லேபிளை அச்சடித்து ஒட்டினால் போதும். ஆள் வந்து எடுத்துக்கொண்டு போவார். புனேவுக்கு இரண்டு கிலோ வடாம் போனது. பத்து நாள் கழித்துப் பார்த்தால் முன்பணத்தில் ஓட்டை. 'எடை வித்தியாசம்' என்று ஒரே ஒரு வரி. பெட்டி ஆறு கிலோவாம்!

"வடாம் வழியில குட்டி போட்டுதா?" என்றார் மாமி.

பி.காம். படித்த பாவத்துக்கு நான் கணக்குப் பார்த்தேன். பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 25 உயரம். பெருக்கினால் 30,000. அதை 5,000-ஆல் வகுத்தால் 6. இதற்கு வால்யூமெட்ரிக் எடை என்று பெயர். தராசு காட்டுகிற எடை, இந்த எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. லாரியும் விமானமும் பாரம் ஏறி முடிவதற்குள் இடம் நிறைந்துபோகின்றன. ஆகவே பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் கட்டணம். விமானச் சரக்கில் இது பழைய வழக்கம். அமெரிக்காவில் ஃபெடெக்ஸ், யூ.பி.எஸ். இரண்டும் தரைவழியில் போகும் சின்னப் பெட்டிகளுக்கும் இதை நீட்டியது 2015 வாக்கில்தான்.

ஆக, கணக்கு பொய்யில்லை. பிறகு ஏன் வலிக்கிறது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

கம்பெனி ஆட்சியில் பார்சல் போனது 'பங்கி' தபாலில். பங்கி என்றால் வேறொன்றுமில்லை, நம் காவடிதான். தோளில் ஒரு கழி, இரண்டு முனையிலும் மூட்டை. சுமக்கிறவருக்கு எடையும் பாரம், தூரமும் பாரம். கட்டணமும் அப்படியே. கடிதத்துக்கும் அதே கதை. 1837 சட்டப்படி கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடைக்கு ஒரு ரூபாய். ஒரு தோலா, இன்றைய கணக்கில் பன்னிரண்டு கிராம்கூட இல்லை!

இங்கிலாந்திலும் தூரத்துக்கு ஏற்ற விலைதான். பெரும்பாலும் கடிதத்தை வாங்குகிறவர் காசு கொடுப்பார். ரோலண்ட் ஹில் அதை மாற்றினார். 1840-ல் ஸ்டாம்ப் பிறந்தது. இந்தியாவில் டல்ஹவுசி காலத்தில், 1854 அக்டோபர் 1 முதல், எந்த ஊருக்கானாலும் கால் தோலாக் கடிதத்துக்கு அரையணா. தூரக் கணக்கு ஒழிந்தது.

ஆனால் கறார். ஸ்டாம்ப் ஒட்டவில்லையா? வாங்குகிறவர் இரண்டு மடங்கு தரவேண்டும். நம் தாத்தாக்கள் பயந்த 'பேரிங்' இதுதான். வெளிநாட்டுத் தபாலில் இதற்கு அடையாளம், 'டி' என்ற ஒற்றை எழுத்து முத்திரை.

பேரிங்கும் தண்டம்தான். ஆனால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தண்டம் எவ்வளவு என்பது முன்பே ஊருக்கெல்லாம் தெரியும். இரண்டு, கடிதம் கண்முன்னால் இருக்கிறது, சந்தேகமிருந்தால் நிறுத்துப் பார்க்கலாம். மூன்று, வேண்டாம் என்று திருப்பி அனுப்பலாம். அப்போது பாக்கி அனுப்பியவர் தலையில்.

மாமிக்கு இந்த மூன்றுமே இல்லை. எங்கோ ஒரு கிடங்கில் மெஷின் அளந்தது. பெட்டி அதற்குள் கைமாறிவிட்டது. பணம் ஏற்கெனவே அவர்கள் கையில். தள்ளுபடி கொடுத்தது விலையில் மட்டும்தான். அளக்கிற உரிமையை அவர்கள் விட்டுக்கொடுக்கவே இல்லை. நாம் குறிப்பிடும் எடை வெறும் வாய்வார்த்தை. கடைசிச் சொல் அவர்களுடைய தராசுக்கு.

சரி, என்ன செய்யலாம்? ஆட்சேபம் சொல்ல வழி உண்டு, ஆனால் சில நாள்தான் அவகாசம். ஆதாரமும் கேட்பார்கள். ஆகவே ஒட்டிய லேபிளோடு பெட்டியைத் தராசில் வைத்து ஒரு போட்டோ, டேப் வைத்து மூன்று பக்கமும் போட்டோ. மாமியிடம் அது ஒன்றுமே இல்லை. போன காசு போனதுதான்.

அடுத்த பார்சலுக்கு நானும் கூட இருந்தேன். பெட்டி இந்தத் தடவை 30, 20, 15. பெருக்கி வகுத்தால் 1.8. அதாவது, தராசு எடைதான் செல்லும். வடாம் உடையாமல் அமுக்கி அமுக்கி மூடினார் மாமி. மேலே உள்ளங்கை அளவு இடம் மிச்சம். பெட்டியை மறுபடி பிரித்துவிட்டார்.

"மறுபடி ஏன் மாமி?"

"காத்துக்கெல்லாம் காசு குடுக்க முடியாதுப்பா. இன்னும் நாலு வடாம் வெக்கறேன். புனேக்காரா சாப்பிடட்டும்!"