நோராவாங்க்: மோமிக் என்றொரு சிற்பி

கொஞ்ச நாளாவே ஒரு படிக்கட்டு மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. ஆர்மீனியாவில், யெரெவானிலிருந்து சுமார் 120 கி.மீ. தென்கிழக்கே, செக்கச்செவேலென்ற மலைச்சுவர்களுக்கு நடுவில் இருக்கும் நோராவாங்க் மடாலயத்தின் படிக்கட்டு அது. படத்தில்தான் பார்த்தேன், அதுக்கே இப்படி!

1339-ல் கட்டி முடித்த இரண்டடுக்குத் தேவாலயம். கட்டுவித்தவர் புர்தெல் ஓர்பெலியான் என்ற சிற்றரசர். கீழே கல்லறை, மேலே வழிபாடு. மேலே போக, முன்சுவரிலிருந்து ரெண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் ஒடுக்கமான கல் படிகள். ஏறக்கூட ஏறிடலாம். இறங்குறதை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது.

இதை மோமிக்கின் கடைசிப் படைப்பு என்பார்கள். கட்டடக்கலைஞர், சிற்பி, போதாததுக்கு சுவடிகளுக்கு நுண்ணோவியம் தீட்டியவர். ஒரே ஆள்தான்!

பக்கத்துத் தேவாலயத்தின் முன்மண்டப வாசலுக்கு மேலே இன்னொரு அதிசயம். தந்தையாகிய கடவுளையே தாடியோடு, பாதாம் வடிவக் கண்களோடு செதுக்கியிருக்கிறார்கள். வலக்கை ஆசி தருகிறது. இடக்கையில் ஒரு தலை, ஆதாமுடையதாம். ஆர்மீனியக் கலையில் கடவுளை இப்படி நேராகக் காட்டுவது அபூர்வம்.

மோமிக் 1308-ல் செதுக்கிய கச்கார் ஒன்றும் உண்டு. கச்கார் என்றால் சிலுவைக்கல். கல்லா, பின்னல் லேஸா என்று சந்தேகம் வரும். இந்தக் கலையை யுனெஸ்கோ 2010-ல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எல்லாக் கல்லுக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை மக்களே. அராஸ் நதிக்கரையில், அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியிலுள்ள ஜூல்ஃபாவின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான கச்கார்கள் இருந்தன. 1998-ல் தொடங்கிய அழிப்பு 2005 டிசம்பரில் முடிந்தது. சிப்பாய்கள் சம்மட்டியால் உடைத்ததை எதிர்க்கரையில், ஈரானிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். அஜர்பைஜான் அரசு மறுத்தது.

அந்த ஜூல்ஃபா நமக்கு அந்நியமில்லை. 1604-05-ல் ஷா அப்பாஸ் அவ்வூர் மக்களைப் பெயர்த்து இஸ்ஃபஹானில் புது ஜூல்ஃபாவில் குடியேற்றினார். அங்கிருந்து வந்த வணிகர்களில் ஒருவர்தான் 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிய கோஜா பெத்ரூஸ் உஸ்கான். பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவுக்கு ஆர்மீனியன் தெரு என்று பெயர் வந்ததும் இவர்களால்தான்.

மோமிக்கின் கல் இன்னும் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நிற்காத கற்களும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருது.