செல் தாளின் மறுபக்கம்: அமெரிக்கத் தொலைக்காட்சிக் கார்ட்டூனும் சேகரிப்பாளரும்

கலை வரலாற்றை ஆராய முற்படுவோர் பெரும்பாலும் உயர்ந்தவை எனக் கொள்ளப்பட்ட ஆக்கங்களையே தமது சான்றாகக் கொள்வர். கோடிக்கணக்கான மக்கள் கண்டு களித்த கார்ட்டூன் படங்களும், அவற்றின் எச்சங்களைத் தேடிச் சேர்ப்போரின் முயற்சிகளும் ஆய்வுக்குரியனவாகக் கொள்ளப்படுவது அரிது. முன்னையது சிறுவர் பொழுதுபோக்கு என்றும், பின்னையது வசதிபடைத்தோரின் வீண்விருப்பு என்றும் ஒதுக்கப்படும். எனினும், ஒரு சமூகம் எதனை எறிகிறது, எறிந்ததை எப்பொழுது விலைகொடுத்து வாங்குகிறது என்பன பொருளியல் வரலாற்றின் வினாக்களேயாகும். கார்ட்டூன் உற்பத்தியில் பயன்பட்ட ‘செல்’ எனப்படும் ஒளிபுகு தாளின் வரலாற்றை இவ்வினாக்களோடு தொடர்புபடுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1

செல் தாள் ஓர் உற்பத்திக் கருவியாகவே தோன்றியது. தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் உருவமும் பின்னணியும் மீண்டும் மீண்டும் வரையப்படவேண்டியிருந்தன. 1914-15 காலப்பகுதியில் ஏர்ல் ஹேர்ட் என்பவர் ஒளிபுகு தாள்களில் அசையும் உருவத்தை மட்டும் வரைந்து, அசையாப் பின்னணியின் மேல் வைத்துப் படம்பிடிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஜோன் பிறே என்பவரோடு அவர் கூட்டுச்சேர்ந்ததன் பின்னர், அம்முறையைப் பயன்படுத்திய ஏனைய நிறுவனங்கள் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியதாயிற்று. எனவே, இக்கலையின் அடிப்படை நுட்பம் பிறக்கும்பொழுதே உழைப்புச் சிக்கனமாகவும் தனியுடைமையாகவும் பிறந்தது எனலாம்.

இம்முறை வேலைப் பிரிவினையை ஆழமாக்கிற்று. அசைவை வகுப்பவர் ஒருவர். இடைப்பட்ட நிலைகளை வரைபவர் இன்னொருவர். அவற்றைத் தாளின் முன்பக்கத்தில் மைக்கோடாகப் பிரதிசெய்பவர் வேறொருவர். பின்பக்கத்தில் வர்ணம் நிரப்புபவர் மற்றொருவர். டிஸ்னி நிறுவனம் 1937 டிசெம்பரில் திரையிட்ட ‘ஸ்னோ வைட்’ படத்தின் மையிடலையும் வர்ணம் தீட்டலையும் ஏறத்தாழ முழுமையாகப் பெண்களே செய்தனர். நூற்றுக்கு மேற்பட்ட அப்பெண்களின் பெயர்கள் படத்தின் பெயர்ப்பட்டியலில் இடம்பெறவில்லை. இரசிகர் கண்ணால் கண்ட ஒவ்வொரு கோடும் அவர்கள் கையால் இடப்பட்டதே. ஆனால், ‘கலைஞர்’ என்ற சொல் அவர்களைச் சாராதிருந்தது.

படம்பிடித்து முடிந்ததும் செல் தாள் உற்பத்திக் கழிவாயிற்று. பல நிறுவனங்கள் வர்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளை மீண்டும் பயன்படுத்தின. ஏனையவை குப்பைக்குச் சென்றன. உழைப்பின் தடயத்தைத் துடைத்தெறிவது அங்கு அன்றாடக் கணக்கியலின் ஒரு பகுதியாக விளங்கியது.

2

இக்கழிவு பண்டமாக மாறிய முதற்கட்டம் 1938 ஆம் ஆண்டு தொடங்குகிறது. சான் பிரான்சிஸ்கோவின் கூர்வாசியே கலைக்கூடம் டிஸ்னியோடு ஒப்பந்தம் செய்து, ‘ஸ்னோ வைட்’ செல் தாள்களைச் சட்டமிட்டு விற்கத் தொடங்கியது. 1939 இல் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் அப்படத்தின் கழுகுகள் இடம்பெறும் ஒரு தாளைத் தன் சேகரிப்பில் ஏற்றுக்கொண்டது. அவ்வாறு ஏற்கப்பட்டபொழுது அது ‘வோல்ற் டிஸ்னியின்’ ஆக்கமாகவே அறியப்பட்டது. கூட்டு உழைப்பின் விளைவு தனியொரு முதலாளியின் பெயரால் கலையாகப் பதிவாயிற்று.

அருங்காட்சியகம் கலையை அங்கீகரித்த அதே காலத்தில், அதனை ஆக்கியோரின் நிலை யாது? ஹொலிவூட் கார்ட்டூன் தொழிலில் ஊதிய வேறுபாடு மிகப் பெரிது. டிஸ்னி நிறுவனத்தில் முதன்மை நிலையினர் சிலர் வாரத்துக்கு 300 டொலர் வரை பெற, அடிநிலை ஊழியர் 12 டொலர் அளவிலேயே பெற்றனர். 1941 மே 29 ஆம் திகதி, சங்க அங்கீகாரம் வேண்டி 300 க்கு மேற்பட்டோர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். உயர்ந்த ஊதியம் பெற்ற ஆர்ட் பாபிற் அவர்களோடு நின்றார் என்பது கவனிக்கத்தக்கது. நிறுவனம் இறுதியில் சங்கத்தை ஏற்கவேண்டியதாயிற்று. ஆறு ஆண்டுகளின் பின், 1947 ஒக்ரோபரில், அமெரிக்கக் காங்கிரசின் ‘அமெரிக்க விரோதச்’ செயல்களை விசாரிக்கும் குழுவின்முன் வோல்ற் டிஸ்னி சாட்சியமளித்தபொழுது, வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தியோருள் ஒருவரான டேவிட் ஹில்பர்மனின் பெயரைப் பொதுவுடைமையாளர் எனச் சுட்டினார்.

ஹில்பர்மன் உள்ளிட்ட முன்னாள் டிஸ்னி ஊழியர் சிலர் 1940களில் உருவாக்கியதே யூ.பி.ஏ. நிறுவனம். இயற்கையை அச்சொட்டாகப் பின்பற்றும் டிஸ்னி பாணியைத் துறந்து, தட்டையான உருவமும் சுருங்கிய அசைவும் கொண்ட புதிய பாணியொன்றை அவர்கள் வளர்த்தனர். ‘ஜெரல்ட் மக்போயிங் போயிங்’ 1950 ஆம் ஆண்டுக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றது. அவர்கள் அழகியற் கிளர்ச்சியாகத் தொடங்கிய சுருக்கத்தைத் தொலைக்காட்சி முதலாளித்துவம் செலவுக்குறைப்பு முறையாக எடுத்துக்கொண்டது. இம்முரண்பாட்டினை விளங்காமல் தொலைக்காட்சிக் கார்ட்டூனின் வரலாற்றை விளங்க முடியாது.

3

தொலைக்காட்சிக்கெனவே ஆக்கப்பட்ட முதற் கார்ட்டூன் தொடராகக் கொள்ளப்படும் ‘குருசேடர் ரபிற்’ 1950 இல் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதன் படங்கள் அசைந்ததைவிட நின்றதே அதிகம். எனினும் பெருந்திருப்பம் 1957 இல் ஏற்பட்டது. ‘ரொம் அன்ட் ஜெரி’ படங்களை உருவாக்கிய எம்.ஜி.எம். நிறுவனம் அவ்வாண்டு தனது கார்ட்டூன் பிரிவை மூடியது. பழைய படங்களை மீண்டும் வெளியிட்டாலே புதிய படங்களுக்கு நிகரான வருமானம் கிடைக்கிறது என்பதே காரணம். இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை வேலையினின்றும் வெளியேற்றுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் கிடைப்பது அருமை.

வேலையிழந்த வில்லியம் ஹனாவும் ஜோசப் பார்பெராவும் அதே ஆண்டு சொந்த நிறுவனம் தொடங்கி, டிசெம்பர் 14 இல் ‘ரஃப் அன்ட் ரெடி’யை ஒளிபரப்பினர். ஏழு நிமிடத் திரையரங்குக் கார்ட்டூன் ஒன்றுக்குப் பல்லாயிரம் டொலர் செலவிட்டுப் பழகிய அவர்களுக்கு, ஐந்து நிமிட அங்கம் ஒன்றுக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 3,000 டொலர். இத்தொகைக்குள் அடங்குவதற்காக அசைவு துண்டாடப்பட்டது. உடல் ஒரு தாளில் அசையாது நிற்க, தலையோ வாயோ வேறொரு தாளில் அசைந்தது. 1958 இல் ‘ஹக்கிள்பெரி ஹவுண்ட்’ நிகழ்ச்சியிலே தோன்றிய யோகி கரடி கழுத்துப்பட்டியும் ரையும் அணிந்திருப்பதன் இரகசியம் இதுவே. தலையும் உடலும் சந்திக்கும் இணைப்பை அக்கழுத்துப்பட்டி மறைத்தது. இரசிகர் பாத்திரத்தின் குறும்பாகக் கண்டது உண்மையில் உற்பத்திமுறையின் தையற்கோடு.

விளம்பரதாரரின் மேலாண்மையும் இக்காலத்தில் வெளிப்படையானது. கெலொக்ஸ் தானிய உணவு நிறுவனம் ‘ஹக்கிள்பெரி ஹவுண்ட்’டுக்கு ஆதரவளித்தது. 1960 செப்டெம்பர் 30 இல் ஏ.பி.சி. வலையமைப்பில் தொடங்கி 1966 வரை நீடித்த ‘பிளின்ற்ஸ்ரோன்ஸ்’ தொடரின் தொடக்க ஆண்டுகளில், அதன் நாயகர்கள் வின்ஸ்ரன் சிகரெட்டைப் புகைத்தே விளம்பரம் செய்தனர். தானியப் பெட்டி, உணவுப் பெட்டி, பொம்மை, கைக்கடிகாரம் எனப் பாத்திரங்கள் பண்டங்களின்மேற் பரவின. சேகரிப்பாளர் தேடித்திரியும் பொருள்களுட் பெரும்பகுதி இவ்வாறு விற்பனைத் தூண்டுதலுக்காக ஆக்கப்பட்டவையே. 1980களில் இவ்வுறவு தலைகீழாயிற்று. மற்றெல் நிறுவனத்தின் ‘ஹீ-மான்’ பொம்மை 1982 இல் கடைக்கு வந்தது. அதற்கான தொடர் 1983 இல் வந்தது. கதைக்குப் பொம்மை என்ற நிலை மாறிப் பொம்மைக்குக் கதை என்றாயிற்று.

உழைப்பைச் சுருக்கியதோடு மூலதனம் அமையவில்லை, உழைப்பை இடம்பெயர்த்தது. 1959 இல் தொடங்கிய ‘ரொக்கி’ தொடரின் வேலைகள் மெக்சிக்கோ நகரில் அமைக்கப்பட்ட காமா நிறுவனத்தில் மலிவாகச் செய்விக்கப்பட்டன. 1978 இல் தாய்வானின் தாய்பேயில் தோன்றிய ‘குக்கூஸ் நெஸ்ற்’ நிறுவனம் ஹனா-பார்பெரா வேலைகளைப் பெருமளவில் ஏற்றது. வேலை வெளிநாடு செல்வதை எதிர்த்து ஹொலிவூட் கார்ட்டூன் தொழிலாளர் 1979 இல் வேலைநிறுத்தம் செய்து பாதுகாப்பு விதியொன்றைப் பெற்றனர். 1982 இல் பத்து வாரங்கள் வரை நீண்ட வேலைநிறுத்தத்தில் அவ்விதியை இழந்தனர். உள்நாட்டிலேயே வேலை செய்வித்த ‘பில்மேசன்’ நிறுவனமும் 1989 இல் கைமாறி மூடப்பட்டது.

4

தொழிலாளர் தோல்வியுற்ற அதே பத்தாண்டிலேயே செல் தாளின் ஏலவிலை உச்சத்தை நோக்கி எழுந்தது என்பது தற்செயலன்று. 1955 இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்டில் செல் தாள்கள் மிகச் சொற்ப விலைக்கு நினைவுப்பொருளாக விற்கப்பட்டன. 1984 இல் செல் தாள்கள் நியூயோர்க்கின் கிறிஸ்ரிஸ் ஏலத்துக்கு வந்தன. 1989 இல், 1934 ஆம் ஆண்டின் ‘அநாதைகள் நலநிகழ்ச்சி’ என்னும் மிக்கி மவுஸ் படத்தின் கறுப்பு வெள்ளைச் சித்திரம் ஒன்று 286,000 டொலருக்கு விலைபோயிற்று. இயந்திரப் பெருக்கம் கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கரைக்கிறது என வால்ரர் பென்யமின் 1930களில் வாதிட்டார். இங்கு நிகழ்ந்ததோ வேறு. பெருக்கப்பட்ட படமே தனது மூலப்பொருளைச் சுற்றி ஒளிவட்டம் ஒன்றைப் படைத்தது. கோடிக்கணக்கானோர் பார்த்தமையாலேயே அந்த ஒற்றைத்தாள் அரும்பொருளாயிற்று.

சேகரிப்பாளர் எதற்காக விலைகொடுக்கிறார்? மனிதக் கை தொட்டதற்காக. தொழில்துறை எக்கையைச் செலவாகக் கணித்து அகற்றிற்றோ, அக்கை அகன்றபின் அதன் தடயமே மதிப்பாயிற்று. 1961 இல் ‘நூற்றொரு டல்மேசியன்கள்’ படத்தில் கோடுகளை நகலெடுக்கும் இயந்திரம் புகுந்து மையிடும் பெண்களின் வேலையைப் பறித்தது. 1990 இல் டிஸ்னியின் முழுநீளப் படங்களிலும், 2002 இல் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரிலும், இறுதியாக 2013 இல் ஜப்பானின் ‘சசாயே-சான்’ தொடரிலும் செல் தாள் கைவிடப்பட்டுக் கணினி அதன் இடத்தைப் பிடித்தது. இதற்கிடையே, எப்படத்திலும் பயன்படாது, விற்பனைக்கெனவே வரையப்பட்டு, ஹனா, பார்பெரா ஆகியோரின் கையொப்பத்தோடு குறித்த எண்ணிக்கையில் வெளியிடப்பட்ட தாள்களும் சந்தைக்கு வந்தன. வரைந்தவர் பெயர் அங்கும் இல்லை. முதலாளியின் கையொப்பமே பண்டம். ‘மூலதனம்’ நூலில் மார்க்ஸ் விளக்கிய பண்டமாயைக்கு, மனிதர் உறவு பொருள்களின் உறவாகத் தோன்றும் அம்மாயைக்கு, இது தக்க சான்றாகும்.

5

ஆயினும், சேகரிப்பாளரை மாயைக்குட்பட்டவர் என்று கூறி அமைவது இயங்கியல் நோக்காகாது. நிறுவனங்கள் கழுவிய தாள்களை எவரோ ஒருவர் குப்பையிலிருந்து எடுத்து வைத்தமையாலேயே இவ்வரலாறு எழுதற்பாலதாகிறது. முன்பக்கத்துக் கோட்டின் தடிப்பு மையிட்டவரின் கைத்திறனைக் காட்டும். பின்பக்கத்து வர்ணப் பூச்சு வேலையின் வேகத்தைக் காட்டும். அடியிலுள்ள துளைகளும் எண்களும் அத்தாள் எந்த வரிசையில், எந்தப் பிரிவினூடாகச் சென்றது என்பதைக் காட்டும். நிறுவன வரலாறுகள் கூறாதவற்றை இத்தாள்கள் கூறுகின்றன. ஆனால், பழைய தாள்கள் சுருங்கி மஞ்சளாகின்றன, பிந்தியவை புளித்த நெடி வீசிச் சிதைகின்றன, வர்ணம் உதிர்கிறது. சான்று என்றென்றும் காத்திருக்காது.

ஏலப் பட்டியல்கள் பாத்திரத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விலையையும் பதிகின்றன. எந்த நகரில், எந்த ஊதியத்துக்கு, யார் கையால் அது தீட்டப்பட்டது என்பதைப் பதிவதில்லை. சேகரிப்பாளரும் ஆய்வாளரும் ஒன்றுசேர்ந்து செய்யவேண்டிய பணி இங்கேயே உள்ளது. சங்கப் பதிவேடுகளையும் ஊதியப் பட்டியல்களையும் எஞ்சியிருக்கும் தொழிலாளரின் வாய்மொழிகளையும் தாள்களோடு ஒப்பிட்டு, ஹொலிவூட்டிலும் மெக்சிக்கோ நகரிலும் தாய்பேயிலும் அவற்றைத் தீட்டியோரின் பெயர்களை மீட்கவேண்டும். சட்டமிடப்பட்ட செல் தாள் சுவரிலே முகம்காட்டித் தொங்குகிறது. வரலாற்று மாணவர் முதலிற் செய்யவேண்டியது அதனைக் கழற்றி மறுபக்கம் திருப்பிப் பார்ப்பதாகும்.