படித்துறையும் வரலாற்றுச் சின்னம்தான்

விடுமுறையில் திருச்சிக்குச் சுற்றிப் பார்க்க வரும் மாணவர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான். மலைக்கோட்டை, திருவரங்கம் கோயில், அம்மா மண்டபம் படித்துறையில் ஒரு குளியல், முக்கொம்பு, மாலையில் கல்லணை. கல்லணையென்றால் கரிகாலன், முக்கொம்பு மேலணையென்றால் ஆர்தர் காட்டன், ராஜகோபுரம் கட்டி முடிந்தது 1987-இல் என்றெல்லாம் நமக்குச் சொல்லப்படும். தண்ணீரில் இறங்க யாருக்கு உரிமை இருந்தது, யாருக்கு இல்லை என்ற வரலாறு மட்டும் சொல்லப்படாது. தோழர்களே, அதை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

இந்த ஆற்றங்கரையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. உறையூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் திருப்பாணாழ்வார் பாணர் குலத்தவர், தீண்டப்படாதவராக வைக்கப்பட்டவர். அவர் திருவரங்கத் தீவில் கால் வைக்காமல், காவிரியின் தென்கரையில் நின்றபடியே அரங்கனைப் பாடுவாராம். பெருமாளுக்குத் தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர், விலகிப் போகச் சொல்லியும் அவர் காதில் விழாததால் கல்லை எறிந்தார். பாணரின் நெற்றியில் ரத்தம். கோயிலுக்குள் அரங்கனின் நெற்றியிலும் ரத்தம். பாணரைத் தோளில் சுமந்து வா என்று முனிவருக்கு ஆணை வந்தது. உள்ளே வந்த பாணர் பத்துப் பாசுரம் பாடி இறைவனோடு கலந்தார்.

இந்தக் கதையைச் சமத்துவத்துக்குச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நாம் கேட்பது வேறு. கல்லெறிந்தவர் தோளில் சுமந்தார், சரி. தண்ணீர்த் துறையில் நின்றதற்காகக் கல்லெறியலாம் என்ற வழக்கம் என்னவானது? சுமக்கப்பட்டவர் திரும்பி வரவில்லை. அவருடைய மக்கள் அதே கரையில்தான் நின்றார்கள். ஒருவருக்கு விலக்கு கொடுத்துவிட்டு விதியைக் காப்பாற்றிக்கொள்வது பழைய தந்திரம்.

இந்தத் தந்திரம் நம் ஊரோடு நிற்கவில்லை. பசிபிக் பெருங்கடலின் ஹவாய்த் தீவில், கோனா கடற்கரையில் ஹோனானாவ் என்றோர் இடம் உண்டு. இன்று அதையொட்டிய கடலில் பயணிகள் கண்ணாடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்து நீந்துகிறார்கள். ஒரு காலத்தில் அங்கே 'கபு' என்ற தடைவிதிகளின் ஆட்சி. தலைவனின் இடத்தில் எளியவரின் நிழல் விழுந்தாலும் குற்றம், மீறினால் மரணம். துரத்துகிறவர்களிடம் சிக்காமல் நீந்தியோ ஓடியோ ஹோனானாவின் பெருஞ்சுவருக்குள் வந்து சேர்ந்தவருக்குப் பூசாரி மன்னிப்பு வழங்குவார். தப்பியவர் பிழைத்தார், விதி அப்படியே இருந்தது. 1819-இல் அரசன் லிஹோலிஹோ, ஆணும் பெண்ணும் சேர்ந்து உண்ணக் கூடாது என்ற தடையை மீறிப் பெண்களோடு அமர்ந்து உண்டான். அந்தச் சமபந்தியில்தான் கபு உடைந்தது.

நம் விதியை உடைத்தது எந்த அரசனும் இல்லை, நம் முன்னோர்தான். பொதுச் சாலையும் கிணறும் குளமும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு இறங்கித் தண்ணீர் அருந்தினார். சாதி இந்துக்கள் அந்தக் குளத்தைச் சாணமும் கோமூத்திரமும் ஊற்றித் 'தூய்மை' செய்தார்கள். கோயில் நுழைவைச் சென்னை மாகாணம் முழுவதற்கும் உரிமையாக்கிய சட்டம் 1947-இல்தான் வந்தது.

பிறகு வந்தது அரசமைப்புச் சட்டம். அதன் 15-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கிணறு, குளம், குளிக்கும் படித்துறை, சாலை, பொது இடம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் சாதியின் பேரால் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் படித்துறைக்கு என்ன வேலை? தடுக்கப்பட்ட இடமாக இருந்ததால்தான் அதை எழுதிவைக்க வேண்டியிருந்தது.

எழுதிவைத்ததால் எல்லாம் முடிந்துவிடவில்லை. இதே திருச்சியின் மேலப்புதூரில், கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரித்துச் சுவர் எழுப்பினார்கள். எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் அது இல்லை.

ஆகவே திருச்சிக்கு வாருங்கள். காவிரியில் ஆசை தீரக் குளியுங்கள். அது யாரும் போட்ட பிச்சை அல்ல, போராடிப் பெற்ற உரிமை. கரையேறியதும் 15-ஆம் பிரிவை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஊர் திரும்பியதும் உங்கள் ஊர்க் குளத்தில் யார் எந்தத் துறையில் இறங்குகிறார்கள், சுடுகாட்டுக்கு யார் எந்த வழியில் போகிறார்கள் என்று பாருங்கள். பெரியவர்களிடம் கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள். நம் வரலாற்றை நாம் எழுதாவிட்டால், கல்லெறிந்த கதையையும் கருணைக் கதையாகத்தான் நமக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்.