மூலமும் படியும்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதித் தொழிற்சாலைகளில் பணியாற்றும் இளைஞர்களின் வாடகை அறைகளை மந்திரிக்கச் செல்லும்போது, சுவரில் சகாய அன்னையின் படத்தைக் காண்கிறோம். அண்மையில் ஓர் இளைஞர், கித்தான் துணியிலிருந்த அத்தகைய படமொன்றைக் காட்டி மனம் நொந்தார். கையால் தீட்டியது என்று நம்பி ஒரு மாத வாடகையளவு பணம் கொடுத்திருந்தார், அதுவோ அச்சுப்படம். "சாமி, இதன்முன் செபிக்கலாமா?" என்றார்.

ஓவியத்தைப் படியெடுக்கும் ஆசை புதிதன்று. 1837-இல் எங்கெல்மன் என்பார் பலவண்ணக் கல்லச்சு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு வண்ணத்திற்கும் தனிக்கல் வேண்டும். அச்சான தாளுக்கு மெருகெண்ணெய் பூசி, துணியின் இழைபோன்ற வரிகளையும் அழுத்திப் பதித்து, எண்ணெய் ஓவியமெனத் தோன்றச் செய்தனர். ஓவியர் இரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகம், அரண்மனைச் சுவர்களுக்குரிய ஓவியங்களை எளியோர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது. ஐரோப்பாவில் அச்சான திரு இருதயப் படங்களும் அவ்வாறே நம் வீடுகளை அடைந்தன.

அன்று தாள் துணிபோல நடித்தது. இன்று துணியே அச்சேறுகிறது. கணினி இயக்கும் பொறி, நுண்ணிய மைத்துளிகளைக் கித்தானில் தெளிக்கிறது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் புள்ளிகள் தெரியும். தூரிகைத் தடம் இராது. மேலே பசை தடவித் தடம் உண்டாக்கியிருந்தால், அது வண்ணங்களின் போக்கோடு ஒத்துவராது.

சகாய அன்னையின் மூலப்படமோ துணியில் தீட்டப்பட்டதே அன்று, மரப்பலகையில் தீட்டப்பட்டது. 1866-இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபையினரிடம் ஒப்படைத்தார். அது உரோமையில் புனித அல்போன்சு ஆலயத்தில் இருக்கிறது. அதன் படிகளோ உலகெங்கும் சென்றன. நம்முள் பெரும்பாலோர் அன்னையை அறிந்தது அப்படிகளின் வழியே அன்றோ!

திருவுருவுக்குச் செலுத்தும் வணக்கம் அவ்வுருவம் குறிக்கும் ஆளையே சேரும் என்று 787-இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் அறிவித்தது. பலகையாயினும் தாளாயினும் துணியாயினும் இது பொருந்தும். ஆகவே அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, விலையில்தான் ஏமாந்தீர்கள், செபத்தில் அல்ல."

படியாயிருப்பது இழிவன்று. படியை மூலமென்று சொல்லி விற்பதே பொய்ச்சான்று. வாங்குமுன் கேட்போம், உற்று நோக்குவோம். வாங்கியபின் அதன்முன் முழந்தாளிட நாணாதிருப்போம்.