ஓநாய்த் தோலுக்குள் ஒரு மனிதன்

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், புனித அகுஸ்தீனாரின் 'கடவுளின் நகர்' நூலில் ஒரு பகுதியைப் படித்துவிட்டு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். இத்தாலி நாட்டில் தாம் இருந்தபோது காதில் விழுந்த செய்தி ஒன்றை அகுஸ்தீனார் அதில் எழுதுகிறார். விடுதி நடத்தும் பெண்கள் சிலர் பாலாடைக் கட்டியில் மருந்து கலந்து வழிப்போக்கர்க்குக் கொடுப்பார்களாம். அதை உண்டவர் சுமைதூக்கும் விலங்காக மாறி, அவர்கள் இட்ட வேலையைச் செய்து முடித்த பின்னரே மனிதராகத் திரும்புவாராம். இவ்வளவு பெரிய மறைவல்லுநர் இதற்கும் இரண்டு இயல்கள் ஒதுக்கினாரே என்று அன்று எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

பங்குப் பணியில் பல ஆண்டுகள் கழிந்த பின் அதே பகுதியை மீண்டும் படித்தேன். சிரிப்பு வரவில்லை. 'நான் மனிதன் அல்லன்' என்று சொல்லுகிற ஒருவரை எதிரில் அமர்த்தி, அவரிடம் என்ன பேசுவது என்ற கேள்வியே அதில் எனக்குத் தெரிந்தது. இக்கேள்வி திருச்சபையின் வரலாறு நெடுகிலும் வந்துகொண்டிருக்கிறது. அதற்குக் கிடைத்த விடைகளுள் சில நம்மைப் பெருமைகொள்ளச் செய்கின்றன; சில தலைகுனியச் செய்கின்றன.

விவிலியத்திலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. தானியேல் நூலின் நான்காம் அதிகாரத்தில், செருக்குற்ற நெபுகத்னேசர் அரசர் மனிதரிடையேயிருந்து விரட்டப்பட்டு மாடுகளைப்போல் புல் மேய்கிறார். அவர் தலைமயிர் கழுகின் இறகுகளைப்போலவும், நகங்கள் பறவையின் நகங்களைப்போலவும் வளர்கின்றன. எனினும், அவர் கண்களை விண்ணகத்தை நோக்கி உயர்த்தும்போது அறிவுத்தெளிவு திரும்புகிறது, அரசும் திரும்புகிறது. விலங்காய் வாழ்ந்த காலத்திலும் கடவுள் அவரைக் கைவிடவில்லை என்பதே அந்நிகழ்ச்சி உணர்த்தும் செய்தி.

அகுஸ்தீனாரிடம் திரும்புவோம். 413 முதல் 426 வரை எழுதப்பட்ட அப்பெரு நூலின் 18ஆம் பகுதியில், பிரஸ்தான்சியுஸ் என்பவர் தம் தந்தையைப் பற்றிக் கூறியதை அவர் பதிவு செய்கிறார். அத்தந்தை பாலாடைக் கட்டியை உண்டு பல நாள் படுக்கையில் எழுப்ப முடியாத உறக்கத்தில் கிடந்தார். விழித்ததும், தாம் ஒரு குதிரையாகிப் படைவீரர்க்கு உணவு சுமந்து சென்றதாகச் சொன்னார். அகுஸ்தீனார் அவரைப் பொய்யர் என்று தள்ளவில்லை. அவர் உண்மையிலேயே குதிரையானார் என்று நம்பவும் இல்லை. மனிதரின் உடலையோ ஆன்மாவையோ விலங்காக மாற்றும் ஆற்றல் தீய ஆவிகளுக்கு இல்லை. மாறுவது மனத்தின் தோற்றமே என்று விளக்கினார். அதே நூலின் 16ஆம் பகுதியில் இன்னொரு கருத்தையும் நிறுவியிருந்தார். நாய்த் தலையர் போன்ற விந்தை மாந்தர் எங்கேனும் இருப்பின், அவர்கள் பகுத்தறிவுடையோராய்ப் பிறந்தவர்களாயின், உருவமும் நிறமும் குரலும் எப்படியிருந்தாலும் ஆதாமின் வழித்தோன்றல்களே என்றார். 9ஆம் நூற்றாண்டில் கோர்பி மடத்துத் துறவி ரத்ராம்னுஸ், வடநாடுகளில் மறைபரப்பிய ரிம்பெர்ட்டுக்கு எழுதிய மடலில் இதே வழியில் வாதிட்டார். நாய்த் தலையர் ஊர் அமைத்து, உழுது, நாணி உடல் மறைத்து வாழ்கின்றனர் என்பது மெய்யானால், அவர்களை விலங்கு என்பது எப்படி என்பது அவர் கேள்வி.

திருச்சபையின் தொடக்ககால ஒழுங்குமுறைகளும் இந்தத் தெளிவோடுதான் இருந்தன. ஏறத்தாழ 906இல் புரூம் மடத்து ரெஜினோ தொகுத்த சட்டங்களில் ஒன்று, படைத்தவர் ஒருவரையன்றி வேறு எவரும் ஒரு படைப்பை இன்னொன்றாக மாற்ற முடியும் என்று நம்புவதையே தவறென்றது. 12ஆம் நூற்றாண்டில் கிராசியனின் திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இது இடம் பெற்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வோர்ம்ஸ் ஆயர் புர்க்கார்து, ஒப்புரவு கேட்கும் குருக்களுக்கென ஒரு கேள்வித் தொகுப்பு எழுதினார். மனிதர் விரும்பியபோது ஓநாயாக மாறுவர் என்று நீ நம்பினாயா என்பது அதில் ஒரு கேள்வி. ஆம் என்பவர்க்குக் கழுவாய், பத்து நாள் அப்பமும் தண்ணீரும். மனித ஓநாய்க்குத் தண்டனை இல்லை, அப்படி ஒன்று உண்டென நம்பியவர்க்கே கழுவாய் என்பதைக் கவனியுங்கள்! நெருப்பு மூட்டும் எண்ணமே அங்கு இல்லை.

இவ்வரலாற்றில் என் மனத்தை மிகவும் தொட்டது அயர்லாந்தைப் பற்றிய ஒரு கதை. வேல்ஸ் நாட்டுக் குருவாகிய கெரால்டு, ஏறத்தாழ 1188இல் எழுதிய நூலில் அதைச் சொல்கிறார். அல்ஸ்டரிலிருந்து மீத் நோக்கிப் பயணம் செய்த குரு ஒருவர், இரவில் காட்டில் தீ மூட்டித் தங்கியிருந்தார். ஓர் ஓநாய் அவரை அணுகி, அஞ்ச வேண்டாம் என்று மனிதக் குரலில் பேசிற்று. தாங்கள் ஆசரி நாட்டினர் என்றும், ஒரு மடாதிபதியின் சாபத்தால் ஏழாண்டுக்கு ஒருமுறை ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஓநாய் உருவேற்க வேண்டியிருக்கிறதென்றும், தன் துணை அருகில் சாகக் கிடக்கிறாள் என்றும் சொல்லி, அவளுக்கு இறுதி அருளடையாளங்களை வழங்க வேண்டிற்று. குரு நடுங்கிக்கொண்டே சென்றார். செபங்களைச் சொன்னார், நற்கருணையை மட்டும் கொடுக்கத் தயங்கினார். அப்போது ஆண் ஓநாய், கிடந்தவளின் தோலைத் தலையிலிருந்து கீழ்நோக்கி உரித்துக் காட்ட, உள்ளே ஒரு மூதாட்டியின் உருவம் தெரிந்தது. குரு வழியுணவை வழங்கினார்.

இது நடந்ததா என்று ஆராய்வது நம் வேலையன்று. கெரால்டு இதையொட்டி எழுப்பும் கேள்விகளே எண்ணத்தக்கவை. இத்தகைய உயிரை மனிதர் என்பதா, விலங்கு என்பதா? அதைக் கொன்றால் கொலைப்பாவம் ஆகாதா? ஆயர் கூட்டிய மன்றம் ஒன்றில் இது விவாதிக்கப்பட்டு, அக்குருவைத் திருத்தந்தையிடம் அனுப்ப முடிவாயிற்று என்றும் அவர் எழுதுகிறார். தோலைக் கண்டு மலைத்து நிற்காமல், உள்ளிருப்பவருக்கு அருளடையாளம் பெறும் உரிமை உண்டா என்று கேட்ட காலம் அது.

அந்தத் தெளிவு பின்னாளில் மங்கியது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூனியக்காரரைத் தேடி அழிக்கும் வெறி எழுந்தபோது, அதற்கு வழிகாட்டி நூல் எழுதியவர் நம் துறவியருள் ஒருவரே என்பதை மறைப்பதற்கில்லை. 1563இல் மருத்துவர் யோகான் வையர், இவையெல்லாம் மனச்சோர்வு நோயின் விளைவு என்று எழுதினார். ஆனால் 1580இல் பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ழான் போதேன், மனிதர் மெய்யாகவே ஓநாயாவர் என்று வாதிட்டார். 1570களில் டோல் நகரில் ழீல் கார்னியே என்ற ஏழைத் தனிவாழ்வினர், ஓநாய் உருவில் சிறுவரைக் கொன்றதாக ஒப்புக்கொண்டு எரிக்கப்பட்டார்.

ஆயினும் அந்த இருளிலும் இரண்டு தீர்ப்புகள் ஒளி வீசுகின்றன. 1598இல், ஓநாயாக மாறியதாகச் சொன்ன ழாக் ரூலே என்ற பிச்சைக்காரருக்கு ஆன்ழே நகரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பாரிசு உயர் நீதிமன்றம் அதை மாற்றி, ஈராண்டு மருத்துவ இல்லத்தில் வைத்து மறையறிவு புகட்ட ஆணையிட்டது. 1603இல் தென்மேற்கு பிரான்சில் ழான் கிரெனியே என்ற பதின்மூன்று, பதினான்கு வயதுச் சிறுவன் பிடிபட்டான். ஆடு மேய்த்தும் பிச்சை எடுத்தும் திரிந்தவன். காட்டின் தலைவன் ஒருவன் தனக்கு ஓநாய்த் தோலும் பூசு மருந்தும் தந்ததாகவும், குழந்தைகளைத் தின்றதாகவும் அவனே சொன்னான். அப்பகுதியில் குழந்தைகள் காணாமற்போயிருந்ததால் மக்கள் கொதித்தனர். கீழ்மன்றம் மரண தண்டனை விதித்தது.

போர்தோ உயர் நீதிமன்றம் அவனைப் பார்த்தது. அங்கு நின்றவன் உணவின்றி வளர்ச்சி குன்றி, பத்து வயதுப் பிள்ளையின் உயரமும் இல்லாத ஒரு சிறுவன். தந்தையால் விரட்டப்பட்டவன், வீட்டில் இருந்தவள் மாற்றாந்தாய், கடவுளைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. இவற்றையெல்லாம் நீதிபதிகள் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தனர். ஓநாய் உருவம் அவன் மூளையின் மயக்கம் என்று கொண்டு, வாழ்நாள் முழுதும் ஒரு துறவியர் மடத்தில் வைத்துக் காக்க ஆணையிட்டனர். 1610இல் பியேர் தெ லான்கிர் என்னும் நீதிபதி அவனைக் காணச் சென்றார். அதற்கு முந்தைய ஆண்டில் பாஸ்கு மக்கள் பலரைச் சூனியக்காரர் என்று நெருப்புக்கு அனுப்பியவர் அவர். நீண்ட நகங்களுடன், நான்கு கால்களில் ஓடுவதில் வல்லவனாய், தான் ஓநாயாக இருந்ததை இன்னும் சொல்லிக்கொண்டிருந்த இளைஞனை அவர் கண்டார். அதன்பின் அவன் நெடுநாள் வாழவில்லை. நல்ல கிறித்தவனாகவே இறந்தான். ஏழாண்டுக் காலம் அத்துறவியர் அவனுக்கு உணவும் இடமும் தந்தனர். அவன் ஓநாய் என்பதை அவர்கள் ஏற்கவுமில்லை. அப்படிச் சொன்னதற்காக அவனைக் கைவிடவுமில்லை. அகுஸ்தீனாரின் இறையியல் அந்த மடத்தின் சமையலறையில் செயலாயிற்று எனலாம்.

இன்னொரு வழக்கு வேறு வகையானது. 1691இல், சுவீடன் ஆட்சியில் லூத்தரன் சபையினர் வாழ்ந்த லிவோனியாவில், 80 வயதைக் கடந்த தீஸ் என்ற உழவர் சாட்சியாக மன்றத்திற்கு வந்தார். இவர் மனித ஓநாய் என்பது ஊரறிந்த செய்தி என்று தெரிந்ததும் நீதிபதிகள் கேள்வி கேட்டனர். அவர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். ஆனால் தாங்கள் அலகையின் ஆள்கள் அல்லர், கடவுளின் வேட்டை நாய்கள் என்றார். புனித லூசியா இரவு போன்ற நாள்களில் நரகத்திற்குள் புகுந்து, சூனியக்காரர் திருடிய தானியத்தை மீட்டு, ஊரின் விளைச்சலைக் காப்பதாகச் சொன்னார். குரு எவ்வளவோ எடுத்துரைத்தும் முதியவர் அசையவில்லை. 1692இல் அவருக்குக் கசையடியும் நாடுகடத்தலும் தீர்ப்பாயின. பஞ்சத்திற்கு அஞ்சிய மக்களுக்காகத் தாம் போராடுவதாக அம்மனிதர் முழு மனத்தோடு நம்பினார். அவர் நம்பிக்கை பிழைதான். ஆயினும் அப்பிழைக்குள் இருந்த அன்பைக் கேட்கும் செவி அந்த மன்றத்தில் இல்லை.

இவை முடிந்துபோன கதைகள் அல்ல. 1988இல் அமெரிக்காவின் மக்லீன் மருத்துவமனை மருத்துவர்கள், தம்மை விலங்கு என்று நம்பிய 12 நோயாளிகளைப் பற்றி எழுதினர். மருத்துவம் இன்று இதை வேறு மனநோய்களோடு சேர்ந்து வரும் ஓர் அறிகுறியாகக் காண்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. இவர்களினும் வேறானவர்களும் உண்டு. 1990ஆம் ஆண்டளவில் ஆங்கிலம் பேசும் நாடுகளில், தம்மை எல்ஃப், டிராகன், ஓநாய் என்று உணர்வதாகச் சொல்வோர் தமக்கு 'அதர்கின்' என்று பெயரிட்டுக்கொண்டனர். தம் உடல் மனித உடலே என்பதை இவர்களுள் பெரும்பாலோர் மறுப்பதில்லை. உள்ளம் வேறு என்கின்றனர். இவர்களை நோயாளிகள் என்று ஒதுக்குவதும், அலகை பிடித்தவர் என்று அஞ்சுவதும், கேலிப்பொருள் ஆக்குவதும் எளிது. அம்மூன்றும் வரலாற்றில் முன்னமே செய்து பார்க்கப்பட்டவை.

2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உண்மையைக் காப்பதாக எண்ணித் திருச்சபையின் மக்கள் கையாண்ட தவறான வழிகளுக்காகப் பொதுவில் மன்னிப்பு வேண்டினார். கார்னியேயின் பெயரும் அந்த மன்றாட்டுக்குள் அடங்கும் என்று நான் எண்ணுகிறேன்.

நம் நம்பிக்கை இதில் தெளிவானது. மனிதர் கடவுளின் சாயல். அச்சாயலை எந்தத் தோலும் மாற்றாது. ஆனால் இத்தெளிவை வாதமாக மட்டும் வைத்திருந்தால் என்ன பயன்? 'நீ மனிதன்தான்' என்று ழான் கிரெனியேவிடம் சொல்ல எல்லாருக்கும் வாய் இருந்தது. அவனை மனிதனாக நடத்தியவர்கள் மட்டும் மிகச் சிலர். தன் வீட்டில் பசியும் அடியும் கண்ட பிள்ளைக்குக் காட்டின் தலைவன் தந்த தோல் கதகதப்பாக இருந்திருக்கும். அதைக் களைந்துவிடு என்று சொல்வதற்கு முன், அவனைப் போர்த்த நம் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நம் கடமையன்றோ?