ஃபெராரி 275 ஜிடிபி, 275 ஜிடிபி/4

இத்தாலியின் ஃபெராரி நிறுவனம் 1964 முதல் 1968 வரை தயாரித்த, இருவர் அமரும் நெடுந்தூர விரைவுக் காரின் இரு வடிவங்கள். வடிவமைப்பு பினின்ஃபாரினா, உடற்கூட்டைக் கட்டியது மோதெனாவின் ஸ்காலியெத்தி பட்டறை. 275 என்பது ஒரு சிலிண்டரின் கன அளவைக் குறிக்கும். எஞ்சினின் மொத்த அளவான 3,286 சிசியைப் பன்னிரண்டு சிலிண்டர்களால் வகுத்தால் 274-ஐக்கூடத் தொடாது. முழுமையாக்கிச் சொன்ன எண் அது.

1964 பாரிஸ் கண்காட்சியில் வெளிவந்த ஜிடிபியில் கியர்பாக்ஸ் பின்னச்சோடு இணைந்திருந்தது. பின்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். ஃபெராரியின் சாலைக் கார்களில் இவ்விரண்டும் புதியவை. திறன் ஏறத்தாழ 280 குதிரைசக்தி. 1965-இல் மூக்கு நீட்டப்பட்டது.

1966-இல் வந்த ஜிடிபி/4 வெளித்தோற்றத்தில் அதிகம் மாறவில்லை. பானெட்டின் நடுவே ஓடும் மெல்லிய புடைப்பே அடையாளம். மாற்றம் எஞ்சினில். இரு சிலிண்டர் வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக இருந்த கேம்ஷாஃப்ட் இரண்டானது. பெயரிலுள்ள 4 அந்த மொத்தக் கணக்கு. எண்ணெய் தனித் தொட்டிக்குப் போனது. முந்தையதில் விரும்பினால் மட்டும் கிடைத்த ஆறு வெபர் கார்புரேட்டர்கள் இதில் நிலையாயின. திறன் 300 குதிரைசக்தி. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உறுதியான குழாய் பிணைத்ததால் பழைய அதிர்வுத் தொல்லை தணிந்தது. ஓட்டுபவருக்கு இதுவே பெரிய வேறுபாடு.

அமெரிக்க விற்பனையாளர் லூயிஜி கினெத்திக்காக ஜிடிபி/4-இன் திறந்த கூரை வடிவம் 10 மட்டுமே கட்டப்பட்டது.