அனிஸ்டேமி (கிரேக்க வினைச்சொல்)

அனிஸ்டேமி: 'மேலே' எனப் பொருள்படும் 'அன', 'நில்' எனப் பொருள்படும் 'ஹிஸ்டேமி' ஆகியவை இணைந்த கிரேக்க வினை. எழுதல், எழுப்புதல் இரண்டையும் குறிக்கும். இதன் பெயர்ச்சொல் 'அனஸ்டாசிஸ்'.

புதிய ஏற்பாட்டில் நூறு முறைக்கு மேல் வரும் இவ்வினையின் பெரும்பகுதி லூக்கா நற்செய்தியிலும் அப்போஸ்தலர் நடபடிகளிலும் உள்ளது. எல்லா இடத்திலும் இது உயிர்த்தெழுதல் அன்று. அப்படி எண்ணிப் படிப்பது பிழை. சுங்கச்சாவடியில் இருந்த மத்தேயு எழுந்து இயேசுவின் பின்னே போனதும், இயேசு சொன்ன உவமையில் வீடு திரும்ப முடிவெடுத்த இளைய மகன் எழுந்து புறப்பட்டதும் இதே சொல்லால்தான் சொல்லப்படுகின்றன. கிளர்ச்சிக்காரன் தெயுதா தலையெடுத்ததற்கும் இதுவே. மரணத்திலிருந்து எழுவதற்குத் தனிச்சொல் தேடாமல் அன்றாடச் சொல்லையே நற்செய்தியாளர்கள் ஆண்டனர்.

இணைச்சொல் 'எகெய்ரோ' தூக்கத்திலிருந்து எழுப்புவதையும் குறிக்கும். மாற்கு 5ஆம் அதிகாரத்தில் யவீரு என்பவரின் இறந்த மகளுக்கு இயேசு இட்ட கட்டளை 'எகெய்ரோ'வில் அமைய, அவள் எழுந்தது 'அனிஸ்டேமி'யில் வருகிறது.

இச்சொற்கள் வரும் புதிய ஏற்பாட்டைத் தரங்கம்பாடியில் மிஷனரி சீகன்பால்கு கிரேக்கத்திலிருந்து தமிழில் பெயர்க்க, அது 1714–15இல் அச்சேறியது. இன்று தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'அனஸ்டாசிஸ்' என்பதற்கு 'உயிர்த்தெழுதல்', 'உயிர்ப்பு' ஆகிய சொற்கள் வழங்குகின்றன.